ரத்மலானை – திருச்சி: இரண்டேகால் அங்குலம்

ரத்மலானை விமான நிலையத்திலிருந்து கொழும்பு கோட்டை ரயில் நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். காலி நகரத்துக்குப் போகும் காலி வீதியில் பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சட்டைப் பையில் சில்லறையும் இருந்தது. ஏறத் தோன்றவில்லை. எதிரே வந்தவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் தோளில் கிடந்த மூட்டையையே பார்த்துக்கொண்டு போனார்கள். ஏன் என்று வெள்ளவத்தைக்கு வந்தபிறகுதான் புரிந்தது. பழைய வேட்டியில் கட்டிய மூட்டையின் முடிச்சில் ஒரு தடித்த அட்டைச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு விமானத்தின் படமும், கீழே ஆங்கிலப் பெரிய எழுத்தில் திருச்சிராப்பள்ளி என்றும் அச்சிட்டிருந்தது. கொழும்பை நோக்கி வெறுங்காலோடு நடக்கிறவன் தோளில் திருச்சிக்குப் போகவேண்டிய மூட்டை. பார்க்கத்தானே செய்வார்கள்.

விமானத்தில் ஏறப்போகிறவனை முதலில் தராசில் நிறுத்திப் பார்ப்பார்கள் என்பது ஊரில் இருந்து இதைப் படிக்கிற பலருக்குத் தெரிந்திருக்காது. எனக்கும் அன்றுவரை தெரியாது. தேயிலை மலையில் இருக்கிற நாங்கள் தினமும் தராசைப் பார்க்கிறவர்கள்தான். பெண்கள் கொண்டுவரும் கொழுந்தை நிறுக்கும்போது கூடைக்கு இத்தனை ராத்தல், ஈரத்துக்கு இத்தனை ராத்தல் என்று கழித்துவிட்டு மீதியைத்தான் எழுதுவார்கள். இங்கே என்னை மூட்டையோடு ஏற்றி நிறுத்து, ஒன்றும் கழிக்காமல் அப்படியே எழுதிக்கொண்டார்கள். என் எடை தாளில் ஏறியது. ஆள் ஏறவில்லை. கல்கிசையைத் தாண்டும்போது அந்த விமானம் என் தலைக்கு மேலாகவே போனது. நின்று அண்ணாந்து பார்த்தேன். அம்மாவின் உடலுக்குக் கொள்ளி வைக்கப் போகவேண்டிய மூத்த மகன் நான். உடலைப் போட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அப்படித்தான் அப்போது நினைத்திருந்தேன்.

இது நடந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். இந்திய, இலங்கை அரசாங்கங்கள் இரண்டும் பேசி முடித்துவிட்டன, யார் இந்தக் கரை, யார் அந்தக் கரை என்று படிவம் நிரப்பவேண்டும் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில், நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசலில் ஆட்கள் படிவத்தோடு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஐந்தாம் வகுப்புவரை படித்தவன் இங்கே படித்தவன். ஒவ்வொருவருக்காகவும் எழுதும்போது ஒரு கேள்வியில் என் பேனா நிற்கிறது. சொந்த ஊர் எது என்ற கேள்வி. அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

என் ஊர் திருச்சிக்குத் தெற்கே, செம்பட்டு விமானத் திடலை ஒட்டியது. வேலிக்கு அந்தப் பக்கம் விமானம் இறங்கும், இந்தப் பக்கம் அம்மா மாட்டுக்குப் புல் அறுப்பாள். எனக்கு ஓரிடத்தில் இருக்கப் பிடிக்காது. பதினேழு வயதில் ஆள் கட்டவந்த கங்காணியோடு புறப்பட்டேன். மண்டபம் முகாமில் அடைத்து வைத்து, தலையில் மருந்து தெளித்து, பிறகு கப்பல், தலைமன்னாரில் ரயில், பிறகு மலையேற்றம். வந்து சேரப் பதினோரு நாள் ஆனது. ஹட்டனில் ஒரு தோட்டம், கொத்மலையில் ஒன்று, இடையில் ஒரு வருஷம் ரோடு போடும் வேலை என்று சுற்றிவிட்டுப் பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் நின்றேன். நிற்க வைத்தவள் பாக்கியம். அங்கேயே பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. அம்மா யாரையாவது பிடித்து எழுதச் சொல்லும் கடிதங்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: 'சிலோன் பிளேன் இன்னிக்கும் வந்துச்சு, நீ வரல.' தெற்கேயிருந்து வருவதெல்லாம் அவளுக்குச் சிலோன் விமானம்தான்.

ஊருக்கும் இந்த மலைக்கும் வித்தியாசம் நிறைய. ஊரில் பக்கத்துத் தெருவில் சாவு என்றால் பறைச் சத்தம் சொல்லிவிடும். இங்கே, ஊரில் நடக்கும் சாவைத் தபால் பைதான் சொல்லவேண்டும். ஆனால் அதிலும் ஒரு வழக்கம் இருந்தது. கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு யாரும் சாவை நேரே எழுதித் தந்தி அடிக்கமாட்டார்கள். தனியாக வருகிறவன் வழியில் ஏதாவது செய்துகொள்வான் என்ற பயம். உடம்புக்கு முடியவில்லை, உடனே புறப்படு என்றுதான் அடிப்பார்கள். லயத்தில் வந்த தந்திகளையெல்லாம் படித்துச் சொன்னவன் நான். எல்லாவற்றிலும் நோய்தான் இருந்தது. எல்லாவற்றுக்கும் பின்னால் கருமாதித் தேதி போட்ட கடிதம் வந்தது. ஒருவர்கூடப் பிழைத்ததில்லை. ஆகவே தந்தியில் நோய் என்றால் எங்கள் லயத்தில் அழுகை தொடங்கிவிடும். அதை அவர்களுக்குப் பழக்கிவிட்டவனும் நான்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் கவ்வாத்து மலையில் தேயிலைச் செடியை வெட்டிக்கொண்டிருந்தேன். ஆபீசிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். ஊரிலிருந்து தம்பி ராஜமாணிக்கம் அடித்த தந்தி வந்திருந்தது. அம்மாவுக்கு ரொம்பக் கடுமை, உடனே புறப்படவும். அதை வாங்கிக்கொண்டு லயத்துக்கு வந்தபோது பக்கத்துக் காம்பராவில் இருக்கும் காத்தாயி அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னா தம்பி, இந்நேரத்துல வர்ற? கையில என்னா?"

"அம்மாவுக்கு ரொம்ப முடியலயாம்க்கா. தந்தி."

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு கொண்டையை அவிழ்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அரை மணி நேரத்தில் லயத்துப் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். என் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. பாக்கியம் மட்டும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஒருவேள உசுரோட இருந்தாங்கன்னா?"

"ஒனக்கு என்னா தெரியும்? எத்தனை தந்தி படிச்சிருக்கேன் நான்" என்று அதட்டினேன். அந்த அதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது.

தோட்டத்துக் கிளாக்கர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர். கப்பலில் போனால் முகாமும் கரையும் தாண்டி ஊர் போய்ச் சேர்வதற்குள் எலும்புகூட மிஞ்சாது என்று நான் சொன்னதும், அவர் எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய தேசப் படத்தின் மேல் ரூல் தடியை வைத்தார்.

"இங்க பார். ரத்மலானையில இருந்து திருச்சி ரெண்டேகால் அங்குலம். விமானத்துக்கு ரெண்டு மணித்தியாலமும் இல்லை. வியாழக்கிழமை காலமை ஏறினியெண்டால் மத்தியானத்துக்குள்ள உன்ர வீட்டு வாசல்."

எனக்கு அது ஒரு அதிசயமாக இருந்தது. பதினோரு நாள் நடந்தும் மிதந்தும் வந்த தூரம், அவருடைய ரூல் தடியின் ஒரு முனையில் அடங்கிவிட்டது. ஆனால் அந்தப் படத்தில் எங்கள் லயத்திலிருந்து ரத்மலானைவரை எத்தனை அங்குலம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் அளக்கவில்லை. 'வியாழன் விமானத்தில் வருகிறேன்' என்று தம்பிக்கு அவரே ஒரு தந்தி எழுதிக் கொடுத்தார். டிக்கெட்டுக்குப் பணம் எப்படிச் சேர்ந்தது என்பதை இங்கே எழுதவேண்டியதில்லை. கொடுத்தவர்களுக்குத் தெரியும்.

புதன்கிழமை விடிந்ததும் வழியனுப்பக் கூடிவிட்டார்கள். அதுவரை அந்த லயத்திலிருந்து யாரும் விமானத்தில் போனதில்லை. துக்கத்துக்கு நடுவிலும் ஆண்களுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. என்னோடு கவ்வாத்து வெட்டும் வீரன் சொன்னான்: "மச்சான், மேல போறப்ப தொர பங்களா தெரிஞ்சா, வெத்தில எச்சிய அப்புடியே துப்பிடு."

காத்தாயி அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: "அம்புட்டு ஒசரத்துலேருந்து துப்புனா அது பங்களாவுலயாடா விழும்? சுத்திக்கிட்டு வந்து நம்ம லயத்துத் தகரத்துலதான் விழும். எது விழுந்தாலும் நம்ம மேலதான?" எல்லாரும் சிரித்தார்கள். உடனே, "எழவு வீட்டுல என்னாடா சிரிப்பு" என்று அவளே அதட்டினாள்.

பாக்கியம் மூட்டையைக் கையில் கொடுத்தாள். உள்ளே ஒரு வேட்டி, ரொட்டி, அம்மாவுக்கு வாய்க்கரிசி போடும்போது கலக்கச் சொல்லி அவள் தன் பங்குக்கு முடிந்து வைத்த ஒரு பிடி அரிசி. "காரியம் முடிஞ்சா அங்கன நிக்காதீங்க. வந்துருங்க. புள்ள தேடும்" என்றாள்.

கொழும்பில் ஒரு அலுவலகத்தில் தந்தியைக் காட்டியதும் இரக்கப்பட்டு அன்றைக்கே பயணத்துக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு வியாழன் காலை ரத்மலானையில் நிறுவையும் முடிந்து, மூட்டையையும் சீட்டுக் கட்டி வாங்கி வைத்துக்கொண்டபிறகு, கடைசி மேசைக்கு வந்தேன். அங்கே இருந்த அதிகாரி இளம் வயதுக்காரர். "கம கொஹெத?" என்று கேட்டார். உன் ஊர் எது என்று அர்த்தம். என் சிங்களம் பூண்டுலோயாக் கடைத்தெருவில் பழகியது. பூண்டுலோயா என்றேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு திருச்சி என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, "மே கமத, ஏ கமத?" என்றார். இந்த ஊரா, அந்த ஊரா? நான் "தெகம" என்றேன். இரண்டும்தான். அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை.

பிறகு நிதானமாகச் சொன்னார்: "யண்ட புளுவன். ஆப்பஹு எண்ட பே." போகலாம், திரும்பி வரமுடியாது. அதே விமானத்தில் இன்றைக்கே திரும்பமுடியாது என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பரவாயில்லை என்று தலையை ஆட்டி, இரண்டு கையையும் விரித்துக் காட்டி, பிறகு ஆறு விரல் காட்டினேன். பதினாறாம் நாள் காரியம் முடித்துவிட்டு வந்தால் போதும். அவர் என் விரல்களைப் பார்த்தார், எனக்குப் பின்னால் நின்ற ஆளைப் பார்த்தார். பின்னால் நின்றவர் திருச்சிக்குப் போகும் ஒரு கடை முதலாளி. அவர்தான் விளக்கிச் சொன்னார்.

"தம்பி, இந்தத் தாள் போறதுக்கு மட்டுந்தான். திரும்பி வர வேற தாள் வேணும். அத இங்கன இருக்கும்போதே எழுதிப்போட்டு வாங்கணும். மாசக்கணக்காகும். இப்ப போயிட்டீங்கன்னா அப்புறம் உள்ள விடமாட்டாங்க. இங்க யாரும் இருக்காங்களா ஒங்களுக்கு?"

"பொஞ்சாதி, புள்ள."

"அப்ப யோசிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு அவர் விமானத்தை நோக்கி நடந்தார்.

யோசிக்க அதிக நேரம் கொடுக்கவில்லை. யோசிக்கவும் அதிகம் இருக்கவில்லை என்றுதான் அன்று பட்டது. அம்மா இறந்துவிட்டாள். இறந்தவளுக்கு என் கை கொள்ளி வைத்தால் என்ன, தம்பி கை வைத்தால் என்ன. பாக்கியம் உயிரோடு இருக்கிறாள். குழந்தை தேடும். போய்விட்டவளுக்காக இருக்கிறவர்களை விடக்கூடாது. அப்படித்தான் முடிவு செய்தேன். மூட்டையைத் திருப்பிக் கேட்டபோது அந்த அதிகாரியே எழுந்துபோய் எடுத்துவந்து கொடுத்தார். சீட்டை அவிழ்க்க அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து வந்த தம்பியின் கடிதத்தைப் பூண்டுலோயா தபால் கந்தோரில் நானே வாங்கிப் பாதையோரத்தில் நின்று படித்தேன். தம்பிக்கு எழுதத் தெரியாது. அவன் சொல்லச் சொல்ல ஊர்த் தபால்காரர் எழுதியது. தந்தி அடித்த அன்று அம்மா இறக்கவில்லை. கடுமை என்று அவன் எழுதச் சொன்னது கடுமையைத்தான். என் தம்பிக்குப் பொய் சொல்லத் தெரியாது. அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் தந்தித் தாளைப் பார்க்கும்போது சொல்வது தம்பி என்று தோன்றவில்லை. தந்திகளையெல்லாம் ஒரே ஆள் எழுதி அனுப்புவதாகத்தான் எனக்குப் பழகியிருந்தது.

நான் வருகிற செய்தி கேட்டதும் அம்மா கஞ்சி கேட்டுக் குடித்திருக்கிறாள். வியாழக்கிழமை கட்டிலை வாசலுக்குப் போடச் சொல்லியிருக்கிறாள். தம்பி மாட்டுவண்டியைக் கட்டிக்கொண்டு விமானத் திடல் வாசலில் போய் நின்றிருக்கிறான். விமானம் வீட்டுக் கூரைக்கு மேலாக வந்து இறங்கியதை அம்மா பார்த்திருக்கிறாள். "வந்துட்டான்" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லியிருக்கிறாள். தம்பி வெறும் வண்டியோடு திரும்பினான். அடுத்தடுத்த நாள்களிலும் விமானச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கட்டிலை வாசலுக்கே போடச் சொன்னாளாம். அதற்குள் நான் எழுதிய விமானத் தபால் போய்ச் சேர்ந்துவிட்டது. தபால்காரர் வழக்கம்போல வாசலில் நின்று உரக்கப் படித்திருக்கிறார். பாதியில் அவருக்கு விஷயம் புரிந்து நிறுத்தியபோது அம்மா, முழுசும் படிங்க என்றாளாம். 'என்னால் வரமுடியவில்லை, நீயே கொள்ளி வைத்திருப்பாய், கருமாதி எந்தத் தேதி என்று எழுது, நான் இங்கே தலை முழுகிவிட்டேன்' என்று எழுதியிருந்தேன். அம்மா கோபப்படவில்லை, அழவும் இல்லை என்று தம்பி எழுதச் சொல்லியிருந்தான். ஒன்றுதான் கேட்டாளாம்.

'அந்தக் குளிரு ஊருலயா தலை முழுகுனான்? சளி புடிச்சுக்குமே.'

அதற்குப் பிறகு இரண்டு நாள் இருந்திருக்கிறாள்.

உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கு விமானத்தில் ஏறியிருப்பீர்களா என்று பாக்கியம் ஒரே ஒரு தடவை கேட்டாள். வேறு யார் கேட்டிருந்தாலும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் கேட்டதால் சொல்லமுடியவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. படிவம் நிரப்ப வருகிறவர்களிடம் நான் இப்போது தந்தியைப் பற்றிப் பேசுவதில்லை. யாராவது தந்தி கொண்டுவந்தால், என்ன எழுதியிருக்கிறதோ அதைமட்டும் படித்துவிட்டு, பக்கத்தில் இருக்கிறவளை அழவேண்டாம் என்கிறேன். கேட்கமாட்டார்கள்.

அந்த வியாழக்கிழமைக்கே திரும்பிப் போகிறேன். கோட்டையிலிருந்து ரயிலில் உட்கார்ந்தே வந்து தலவாக்கலையில் இறங்கி, பூண்டுலோயாவரை நடந்து, தோட்டத்துக்கு ஏறினேன். வெள்ளிக்கிழமை காலை. பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து எல்லாரும் மலைக்குப் போய்விட்டார்கள். குழந்தைக்கு லேசாகக் காய்ச்சல் என்று பாக்கியம் மட்டும் வீட்டில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கண் மூட்டையில் தொங்கிய சீட்டுக்குத்தான் போனது.

"போகலையா?"

"போகல. போனா திரும்ப விடமாட்டாங்களாம்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "அப்புடியே உள்ள வராதீங்க. தீட்டு. பீலியில தலை முழுகிட்டு வாங்க" என்றாள். பீலியில் மலைத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மார்கழிக் குளிர். முழுகினேன். அப்போது செம்பட்டில் அம்மா வாசல் கட்டிலில் படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஈரத் தலையோடு ஆபீசுக்குப் போனேன். நான் விட்டுப்போன கவ்வாத்து வேலைக்கு வேறு ஆள் போட்டாயிற்று. கிளாக்கர் ஐயா என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"நீ போகேல்லையோ?"

நடந்ததைச் சொன்னேன். அவர் சுவரில் இருந்த படத்தைப் பார்க்காமல், மேசையில் கிடந்த ரூல் தடியை எடுத்து லாச்சிக்குள் போட்டு மூடினார். பிறகு ஒரு நீல விமானத் தபால் தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். மேசையின் ஓரத்தில் நின்றபடி தம்பிக்கு எழுதினேன். எழுதி முடிக்கும்வரை அவர் காத்திருந்தார்.

"தபால் பை கொண்டுபோறவன் கால் வீங்கிக் கிடக்கிறான். இனி அவனால ஏலாது. தினம் பூண்டுலோயாவுக்கு இறங்கி ஏறோணும். நீ செய்வியோ?"

நடக்கிற வேலை. சரி என்றேன். அவர் பையைத் திறந்து என் கடிதத்தை மற்றக் கடிதங்களோடு உள்ளே போட்டு, வாயைக் கட்டி, என் தோளில் மாட்டிவிட்டார். மூட்டையை வைத்துவிட்டு வந்த அதே தோள்.

கீழே இறங்க நாலு மைல். அதற்குப் பிறகு கடிதம் ரயிலில் போகும், பிறகு ரத்மலானையில் ஏறும். இரண்டு மணி நேரத்தில் செம்பட்டில் இறங்கிவிடும். அதை யாரும் நிறுத்தித் தாள் கேட்கப்போவதில்லை. பை லேசாகத்தான் இருந்தது. தலைமயிரிலிருந்து தண்ணீர் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. துவட்டுவதற்கு நிற்கவில்லை. கடிதமாவது சீக்கிரம் போய்ச் சேரட்டும் என்று வேகமாக நடந்தேன்.